நீர்நாய் அல்ல, பீவர்

அயல்மொழிக் கதைகளைத் தமிழில் வாசிக்கையில் ஒரு பிழை நம்மைத் தொடர்ந்து உறுத்துகிறது. 'பீவர்' என்னும் விலங்கை நம் மொழிபெயர்ப்பாளர் சிலர் 'நீர்நாய்' என்றே எழுதிவிடுகின்றனர். நீர்நாய் சங்கப் பாடல்களிலேயே நமக்கு அறிமுகமானது. வாளைமீனை இரையாகக் கொள்வது. பீவரோ மீன் உண்பதில்லை. மரப்பட்டையும் இலையும் நீர்த்தாவரங்களுமே அதன் உணவு. அது கொறிக்கும் இனம். இந்தியக் காடுகளில் இல்லாதது.

ஒரு சொல் மாறியதால் என்ன குடிமுழுகிவிட்டது என்று நண்பர்கள் கேட்கலாம். பெயரோடு சேர்ந்து அவ்விலங்கின் தொழிலும் மறைந்துபோகிறது என்பதே நம் கவலை.

பீவர் பல்லால் மரத்தை வீழ்த்தி, கிளையும் சேறும் கொண்டு ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும். தேங்கிய நீரில் வேர் மூழ்கிய மரங்கள் பட்டுப்போகும். நிழல் விலகிய இடத்தில் கோரையும் நீர்ப்பூண்டுகளும் தழைக்கும். கடிபட்ட வில்லோ மரம் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பீவர் குடிபெயர்ந்தால் அணை உடையும். வண்டல் படிந்த குளம் புல்வெளியாகும். மென்மயிருக்காக வேட்டையாடப்பட்டு ஐரோப்பாவில் அருகிப்போன இவ்விலங்கை 2009-இல் ஸ்காட்லாந்தின் நாப்டேல் காட்டில் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள்.

நம் மண்ணில் இத்தொழிலை மனிதன் செய்தான். தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. சேத்துப்பட்டு, ஆரணி வட்டாரத்து ஏரிகளையும் இக்கண்கொண்டே நாம் காண்கிறோம். கரையில் பனை, உள்வாயில் கருவேலம், நீரில் ஆம்பல், ஓரத்தில் கோரை, மதகுக்குக் கீழே நெல் என ஒரு மண்கரை தன்னைச் சுற்றி ஒரு தாவர உலகையே அமைத்துவிடுகிறது.

வேறுபாடு கைவிடும்போதுதான் தெரிகிறது. பீவர் கைவிட்ட குளம் புல்வெளியாகிறது. நாம் கைவிட்ட ஏரியிலோ சீமைக் கருவேலம் குடியேறுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த அம்மரத்தின் நெற்றுகளை ஆடுமாடுகள் தின்று, சாணத்தோடு விதைகளைப் பரப்புகின்றன. அதுவும் வில்லோவைப் போல வெட்டினால் துளிர்ப்பதே; வேரோடு களைந்தாலன்றி ஒழியாது. அவ்வாறு களைந்தாலும் விதையிலிருந்து மறு ஆண்டே முளைவிடும்.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது நாம் மகிழ்ந்தோம். ஆயினும் ஒருமுறை தூர்வாரி, கல்வெட்டுப் பலகை நட்டுவிட்டு அகல்வது மராமத்து ஆகாது. பீவர் தன் அணையில் கசிவு கண்டபோதெல்லாம் அடைக்கிறது. ஊரார் ஆண்டுதோறும் கூடிக் கரையைச் செப்பனிட்ட பழைய வழக்கமும் அத்தகையதே. இன்று நாம் மீட்க வேண்டியது அந்த வழக்கத்தையே என்பது நம் துணிபு.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: பீவரைப் பீவர் என்றே எழுதுங்கள். அணை கட்டிக் காக்கும் ஓர் உயிரை வாசகர் அதன் பெயரிலேயே அறியட்டும்.