அழாத பிள்ளை



மூன்று வாரமாக ஒரு கடிதம் என் மேசை இழுப்பறையில் பதில் இல்லாமல் கிடக்கிறது. தென்மாவட்டத்து வாசகி ஒருவர் எழுதியது. நான்கு வயதுப் பையனைத் தத்தெடுத்து ஏழு மாதம் ஆகிறதாம். “பையன் ரொம்பச் சமர்த்து. ஓடும்போது விழுந்து முட்டி பெயர்ந்தாலும் அழமாட்டான். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். என் மாமியார் தெரு முழுக்கச் சொல்லிப் பூரிக்கிறார். எனக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது. இது நல்லதா, கெட்டதா?” என்று கேட்டிருந்தார். கையெழுத்துக்கும் கீழே, இடம் போதாமல் இடுக்கி எழுதிய ஒரு வரி: “ராத்திரியில் தலையணைக்கு அடியில் இட்லி ஒளித்து வைக்கிறான்.”

“நல்லதுதானம்மா, கவலைப்படாதீர்கள்” என்று ஒரு அஞ்சலட்டை போட்டிருக்கலாம். கை வரவில்லை. இந்த இதழின் தத்தெடுப்புச் சிறப்புப் பக்கங்களுக்காகக் குழந்தை வளர்ச்சி ஆய்வுகளைப் புரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பையனைப் போன்ற பிள்ளைகளை அங்கே கூட்டம் கூட்டமாகப் பார்த்தேன். அவர்கள் ருமேனியாவில் இருந்தார்கள்.

1966-ல் அந்நாட்டின் தலைவர் சௌசெஸ்கு ஓர் ஆணை போட்டார். எண் 770. ஜனத்தொகை பெருகினால் நாடு பெருகும் என்பது அவர் கணக்கு. கருக்கலைப்புக்குத் தடை, கருத்தடைச் சாதனங்களுக்குத் தட்டுப்பாடு, பிள்ளை இல்லாதவர்களுக்குத் தனி வரி. மறு ஆண்டே பிறப்பு விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பெற்றவர்களால் வளர்க்க முடியவில்லை. முடியாதவர்கள் எங்களிடம் விடலாம் என்றது அரசு. 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்து, வெளிநாட்டுக் கேமராக்கள் உள்ளே போனபோது அரசு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். ‘அநாதை இல்லம்’ என்று எழுதிப் பழகிய பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

உள்ளே போனவர்களைத் திடுக்கிட வைத்தது அங்கிருந்த அமைதி. வரிசை வரிசையாகக் கம்பிக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் கைக்குழந்தை, அறையில் அழுகைச் சத்தமே இல்லை. பத்துப் பதினைந்து குழந்தைகளுக்கு ஒரு ஆயா. பால் புட்டிக்கு நேரம், துணி மாற்ற நேரம், எல்லாம் கடிகாரப்படி. நடுவில் யார் வீறிட்டாலும் அவளால் போக முடியாது. குழந்தைகள் கொஞ்ச நாள் அழுது பார்த்தன. யாரும் வரவில்லை. விட்டுவிட்டன.

“அழுத பிள்ளை பால் குடிக்கும்” என்று நாம் எதற்கெல்லாமோ சொல்கிறோம். சம்பள உயர்வுக்குச் சொல்கிறோம், தொகுதி நிதிக்குச் சொல்கிறோம். அது முதலில் பிள்ளையைப் பற்றிய பேச்சு என்பதே மறந்துவிட்டது. அழுதால் ஒரு முகம் வரும், அந்த முகத்தோடு பால் வரும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை, மாதக்கணக்கில் இது நடக்கிறது. தன் குரலுக்கு இந்த உலகத்தில் பலன் உண்டு என்று பிள்ளை தெரிந்துகொள்வது அப்படித்தான். மூளை நரம்புகளின் இணைப்புகள் பலப்படுவதும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவர்கள் இதற்கு நீளமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பாட்டிமார் நாலு வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

தொலைக்காட்சியில் அந்த இல்லங்களைப் பார்த்துப் பதறிய பல பிரிட்டிஷ் குடும்பங்கள் ருமேனியா போய்க் குழந்தைகளைத் தத்தெடுத்து வந்தன. லண்டனைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் அவர்களில் 165 பேரைப் பின்தொடர்ந்தார். ஒப்பிட்டுப் பார்க்க, பிரிட்டனிலேயே பிறந்து ஆறு மாதத்துக்குள் தத்துப்போன 52 குழந்தைகள். நான்கு வயதில் பார்த்தார்கள், ஆறில், பதினொன்றில், பதினைந்தில் பார்த்தார்கள், இருபதைத் தாண்டிய பிறகும் பார்த்தார்கள். இப்படி விடாமல் துரத்தும் ஆய்வுகள் அபூர்வம்.

ஆறு மாதத்துக்குள் இல்லத்தை விட்டு வந்துவிட்ட குழந்தைகள், பிரிட்டனில் பிறந்த குழந்தைகளிடமிருந்து அதிகம் வித்தியாசப்படவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் அங்கே கிடந்தவர்களில் பலருக்குக் கவனம் நிலைக்காமை, ஆட்டிசத்தை ஒத்த சில நடத்தைகள், முன்பின் தெரியாதவரோடும் தயங்காமல் ஒட்டிக்கொள்வது ஆகியவை பெரியவர்களான பிறகும் தொடர்ந்தன. நல்ல வீடு, நல்ல சாப்பாடு, உயிரைக் கொடுக்கும் பெற்றோர் எல்லாம் கிடைத்த பிறகும்தான் சொல்கிறேன். தத்தெடுத்த பெற்றோரின் வளர்ப்பில் குறை தேடும் உறவினர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம். 2020-ல் வெளியான மூளைப் படங்களில், ருமேனியாவிலிருந்து வந்த இளைஞர்களின் மூளை அளவு பிரிட்டனில் பிறந்தவர்களைவிடச் சராசரியாக 8.6 விழுக்காடு சிறிதாக இருந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் கடிதத்தை மடித்து உள்ளே வைத்திருப்பேன். ஆனால் 2017-ல் வெளியான இன்னொரு கணக்கு உண்டு. தாமதமாக வந்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு எந்த வயதில் சோதித்தபோதும் எந்தச் சிக்கலும் இல்லை. ஏன் என்று யாராலும் சரியாக விளக்க முடியவில்லை. சிறு வயதில் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கிய பலர், இருபதைத் தாண்டும்போது சாதாரண அளவை எட்டிவிட்டார்கள். ஆறு வயதில் ஒரு பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதியவர்கள் பேனாவைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அதே நேரம், சிறு வயதில் தெரியாத மனச்சோர்வும் பதற்றமும் சிலருக்கு வாலிபத்தில் தலைதூக்கின. நம் ஊரில், பெற்றோர் விட்டுச்செல்லும் குழந்தைகளை அரசு ஏற்றுக்கொள்ள 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் முதல் குழந்தைகளுக்கு இன்று முப்பது வயது கடந்திருக்கும். தத்துக் கொடுத்த கையோடு கோப்பை மூடிவிடலாம் என்று நினைப்பவர்கள் வாலிபத்து மனச்சோர்வு பற்றிய அந்தச் செய்தியைப் படிக்க வேண்டும்.

ருமேனியாவிலேயே இன்னொரு ஆய்வு நடந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா மூவரும் 2000-ம் ஆண்டுவாக்கில் புக்காரெஸ்ட் நகரில் தொடங்கியது. அங்குள்ள ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மீதிப் பாதி இல்லத்திலேயே. படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. குழந்தையின் விதியைச் சீட்டுப் போட்டா தீர்மானிப்பது? அவர்கள் சொன்ன நியாயம்: அந்த ஊரில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே கிட்டத்தட்ட இல்லை, நாங்கள் உருவாக்கிய இடங்கள் இவ்வளவுதான், மீதிக் குழந்தைகளுக்கு வேறு வழி திறந்தால் தடுக்கமாட்டோம். கோபம் முழுதாகப் போகவில்லை என்றாலும் முடிவுகளை ஒதுக்க முடியவில்லை. நாலரை வயதில் அறிவுத்திறன் சோதனையில் இல்லத்துப் பிள்ளைகளின் சராசரி 73, வளர்ப்புக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 81, ஊரில் பெற்றோரிடம் வளர்ந்தவர்களுக்கு 109. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள் பிறரோடு பிணைவதில் நன்றாகவே தேறினார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லத்தில் விடக்கூடாது என்று ருமேனியா பிறகு சட்டமே கொண்டுவந்தது.

இங்கே ஒரு வாக்குமூலம். என் மகளின் பிறந்தநாளுக்குச் சில ஆண்டுகள் ஓர் இல்லத்தில் மதியச் சாப்பாடு போட்டோம். நம்மில் பலர் செய்வதுதான். கேசரி, வடை, பாயசம். வண்டியை விட்டு இறங்கும்போதே சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும், மடியில் ஏறி உட்காரும், “மாமா, நாளைக்கும் வருவீங்களா?” என்று கேட்கும். “என்ன பாசம் பாருங்கள்” என்று என் மனைவியிடம் சொன்னது நான்தான். நம் வீட்டுக் குழந்தை புது ஆளைப் பார்த்தால் அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளியும். ஒளிந்துகொள்ள ஒரு முந்தானை இருக்கிறது என்று அதற்குத் தெரியும். அன்று என் மடியில் ஏறிய பிள்ளைக்கு என்னையும், முந்தின நாள் வந்த பிறந்தநாள்காரரையும், அதற்கு முந்தின நாள்காரரையும் பிரித்துப் பார்க்கக் காரணம் எதுவும் இருந்திருக்காது. சாப்பாடு போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. மடியில் தூக்கிவைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதையாவது நிறுத்தலாம். அதே பணத்தை, வறுமையால் பிள்ளையை இல்லத்தில் விடவிருக்கும் ஒரு தாய்க்குக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்குப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குட்பட்டதானால் இரண்டு மாதத்துக்குள்ளும், மூத்ததானால் நான்கு மாதத்துக்குள்ளும், தத்துக் கொடுக்கலாம் என்று அறிவித்துவிட வேண்டும் என்கிறது நம் 2015 இளைஞர் நீதிச் சட்டம். பெற்றோரைத் தேட அவகாசம் வேண்டும், உண்மைதான். ஆனால் கோப்பு ஒரு மேசையில் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு என்ன மாதம் என்பது அந்த மேசைக்காரருக்குத் தெரிய வேண்டும்.

ஒரு விஷயத்தில் நாம் கொஞ்சம் பெருமைப்படலாம். 1950-களில் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் குழந்தையைச் சேர்த்துவிட்டுப் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட வேண்டும், பார்க்கக் கிடைப்பது கொஞ்ச நேரம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் ஆஸ்பத்திரி நாட்களை 1952-ல் படமெடுத்துக் காட்டிய பிறகுதான் அந்த வழக்கம் மெல்ல மாறத் தொடங்கியது. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் எந்த ஆராய்ச்சியும் சொல்லாமலே அம்மா கட்டிலில், பாட்டி கட்டிலுக்கடியில், தூக்குச் சட்டி ஜன்னலில்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். சகோதரி, உங்கள் பிள்ளை ருமேனியாவில் வளரவில்லை. அவன் முதல் நான்கு வருடம் எப்படிப் போனது என்பதும் எனக்குத் தெரியாது. நான் மருத்துவனும் இல்லை. பக்கத்து நகரத்தில் குழந்தை மனநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். உங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது சரிதான். அவன் விழுந்தால், அழவில்லை என்றாலும் ஓடிப் போங்கள். மண்ணை நீங்கள் தட்டிவிடுங்கள், முட்டியில் ஊதுங்கள், “வலிக்குதாடா கண்ணு” என்று கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வான், அடுத்த முறையும் போங்கள். ஏழு மாதம் அவன் கணக்கில் ரொம்பக் குறைவு. மாமியாரிடம், பையன் அழாததைத் தெருவில் பாராட்டுவதை மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் காட்டிப் பழியை என்மேல் போடுங்கள்.

இட்லியைப் பிடுங்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றை அவன் கையிலேயே கொடுத்து, தலைமாட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தினமும் ராத்திரி அவன் பார்க்க அதில் ஏதாவது போட்டு வையுங்கள். இட்லி என்றால் காலையில் புளித்துவிடும், முறுக்கு நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்