வெள்ளையடித்தால் போதுமா?

சென்ற மாதம் பாப்பிரெட்டிப்பட்டியில் உறவினர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தோம். பாட்டனார் காலத்துச் செங்கல் வீடு. சுண்ணாம்புக் காரைக் கட்டு. கூடத்துச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு, செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாக ஏறிச் சென்றிருந்தது. "தீபாவளிக்கு வெள்ளையடித்தால் மறைந்துவிடும்" என்றார் அவர். எத்தனை தீபாவளிகளாக அது இப்படி மறைந்து மறைந்து தரிசனம் தருகிறது என்பதையும் அவரே கணக்குச் சொன்னார்!

நமக்கோ காளஹஸ்தி நினைவுக்கு வந்தது. கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய அவ்வூர் ராஜகோபுரம், விரிசல் கண்டு, 2010 மே 26-ந் தேதி இரவு இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்ப்பது எளிது, படிப்பதுதான் கடினம்.

அமுக்கும் பாரத்துக்குச் செங்கல் சுவர் பீமசேனன், இழுப்புக்கோ உத்தரகுமாரன். ரோமாபுரியில் அர்ச். பேதுரு ஆலயக் கும்மட்டம் வெடித்தபோது, 1743-ல் போலேனி என்னும் பண்டிதர், பாரம் கோத்த சங்கிலியைத் தொங்கவிட்டே அதன் நிலையை ஆராய்ந்தார். இன்று அந்த வேலையைக் கணிப்பொறி செய்கிறது. சுவரை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாக அது பாவித்துக்கொள்கிறது. எந்த இணைப்பில் இழுப்பு அளவு மீறுகிறதோ, அது திறந்துவிட்டதாக வைத்து, அதன் சுமையை அண்டைத் துண்டுகளுக்குப் பங்கிட்டு மறுபடியும் கணக்கிடுகிறது. இப்படியே காகிதச் சேதமில்லாமல் கோபுரத்தை இடித்தும் காட்டிவிடும்! சென்னை ஐ.ஐ.டி.யில் புராதனக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது.

ஆனால் யந்திரத்துக்குச் சுவரின் அந்தரங்கம் தெரியாது. காரையின் பலம், உள்ளே அடைத்த கல்லும் மண்ணும், அஸ்திவாரத்தின் ஈரம் எல்லாவற்றையும் நாம்தான் சொல்லவேண்டும். அது வரைந்த வெடிப்பும் சுவரிலுள்ள வெடிப்பும் ஒத்துப்போகாவிட்டால், நாம் சொன்னதில் எங்கோ பிழை என்று அர்த்தம். ஆகவே அசல் வெடிப்பே முதல் சாட்சி. சாட்சியின் வாயில் சுண்ணாம்பைப் பூசுவது என்ன நியாயம்?

படிப்படியான வெடிப்பு பெரும்பாலும் அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்கியதைக் குறிக்கும். வெளியே சென்று பார்த்தோம். குளியலறைத் தண்ணீர் அந்த மூலையில்தான் தேங்கி நின்றது. உறவினர் முதலில் கால்வாய் வெட்ட ஆளை அழைத்தார். பிறகு வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினார். சுவர் அசைந்தால் கண்ணாடி விரிந்துவிடும். கார்த்திகை மழை கழிந்ததும் கடிதம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.