வாசலில் பறை, மேடையில் மினிமலிசம்

தேனிப் பக்கம் ஒரு கல்லூரி. வெளிநாட்டு இசையமைப்பாளர் ஒருவர் சிறப்புரை ஆற்ற வந்திருந்தார். அவரை வரவேற்க, கம்பம் பக்கத்துக் காலனியிலிருந்து நாலு பேரைப் பறையோடு கூட்டி வந்திருந்தார்கள். வாசலில் அடித்தார்கள். விருந்தாளி உள்ளே போனார். அடித்தவர்களுக்கு மரத்தடியில் டீ. கதவு சாத்தியாச்சு.

நான் உள்ளே இருந்தேன். பேச்சு மினிமலிச இசையைப் பற்றி. கொஞ்சமே கொஞ்சம் சுரம். ஒரே தாளத்துண்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. அதற்குள் மெல்ல மெல்ல நடக்கும் மாற்றம். ஸ்டீவ் ரைஷ் 1970இல் கானாவுக்குப் போய் கிடியன் அலொர்வோயி என்ற ஆசானிடம் மேளம் கற்றதையும், 1971இல் 'டிரம்மிங்' படைத்ததையும் சொன்னார். டெர்ரி ரைலியும் லா மான்ட் யங்கும் பண்டிட் பிரான் நாத்துக்குச் சீடர்களானதைச் சொன்னார். பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். மரத்தடியில் இருந்த ஆசானின் பேர் அவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

வெளியே வந்ததும் அவர் கேட்டார்:

"உள்ள என்ன தம்பி பேசுனாங்க?"

"கொட்டப் பத்தித்தான் பெரியப்பா."

"அப்ப எங்கள எதுக்கு வெளிய உக்கார வச்சாங்க?"

"இதெல்லாம் எங்ககிட்ட அப்பவே இருந்துச்சு" என்று மார்தட்ட நான் வரல. அது பழம்பெருமை பேசுகிறவர்கள் வேலை. ரைஷ் திரும்பத் திரும்ப அடித்தது அவராகத் தேர்ந்துகொண்டது. வேண்டாமென்றால் நிறுத்தலாம். ஊர்ச் சாவுக்கு எங்க தாத்தா விடிய விடிய அடித்ததை யார் தேர்ந்தது? பிணம் எடுக்கும்வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினா உதை. கூலி கொஞ்சம் தானியம், கொஞ்சம் சாராயம். இந்தக் 'கொஞ்சம்' அழகியல் இல்லை. பறித்தது போக மிச்சம்.

அதனால்தான் நம் ஆட்கள் சில ஊர்களில் பறையைத் தீயில் போட்டார்கள். 90களில் அதே பறையைக் கலகக் கருவியாக மேடையேற்றியதும் நாம்தான். இரண்டுமே சரி. அடிப்பதா, வேண்டாமா என்பதை அடிக்கிறவன் முடிவு செய்ய வேண்டும். விடுதலை அங்கேதான் தொடங்குகிறது.

2025 மார்ச் 8 அன்று பண்ணைப்புரத்து இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. 'எங்க ஊர்க்காரர்' என்று இந்தப் பள்ளத்தாக்கு பெருமைப்பட்டது. அதே ஆண்டு அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. சந்தோஷம். லண்டனும் டெல்லியும் மெச்சியபிறகு பெருமைப்படுவது சுலபம். மரத்தடிக்காரரிடம் பேர் கேட்பதுதான் ஊருக்குக் கஷ்டமாயிருக்கு.

கல்லூரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த சிறப்புரைக்கு அந்த ஆசானைக் கூப்பிடுங்கள். அழைப்பிதழில் அவர் பேரை அச்சடியுங்கள். மேடையில் நாற்காலி போடுங்கள். வெளிநாட்டுக்காரருக்குக் கொடுத்த அதே தொகையைக் கொடுங்கள். சிண்டுக்குச்சிக்கும் அடிக்குச்சிக்கும் என்ன பேச்சு, ஒத்தையடி எப்படி, மாரடிப்பு அடி எப்படி என்று அவர் சொல்லட்டும். நீங்கள் குறிப்பெடுங்கள்.

'வரமாட்டேன்' என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.