மைதானத்துக்கு ஒரு கணக்கு: பராமரிப்பு – இன்மை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தேன். (ஊர் காஞ்சிபுரம். பிழைப்பு சென்னை ஓ.எம்.ஆரில் பொட்டி தட்டுவது. வார நாட்களில் ஆணி பிடுங்கிவிட்டு, ஞாயிறு மட்டும் மனுஷனாக வாழ்கிற ஜாதி.) மதியச் சாப்பாடு முடிந்து சாயலாம் என்று பாயைப் போட்டால் வாசலில் ஒரே கூச்சல். எதிர்வீட்டுப் பையன், எட்டாம் கிளாஸ் படிக்கிறவன், உள்ளங்கையில் ரத்தம் ஒழுக நிற்கிறான். விளையாட்டுத் திடல் சுவரேறிக் குதிக்கும்போது கம்பி கிழித்துவிட்டதாம். நாலு தையல்.

"ஏண்டா சுவரேறினே? கேட்டு இல்லையா?"

"கேட்டு பூட்டியிருக்கு அண்ணா. எப்பவுமே பூட்டிதான் இருக்கும்."

அவன் அம்மா அழுதது தையலுக்காக இல்லை. லீவு நாளில் அந்தக் கைதான் அவருக்குத் தறியில் துணை.

அந்தத் திடல் எது என்று நான் சொல்லப் போவதில்லை. எந்த வார்டு, யார் கட்டியது என்பதும் வேண்டாம். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு "அட, நம்ம ஊர் திடல்தானே" என்று தோன்றும். அதுதான் விஷயமே. ஒரு ஷட்டில் கோர்ட், ஒரு சின்ன உடற்பயிற்சிக் கூடம், சுற்றி நடைபாதை, வாசலில் பளபளவென்று கருங்கல் கல்வெட்டு. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள் என்று பெயர்களே பதினைந்து தேறும். நாலு மாசம் ஓடியது. அப்புறம் ஒரு விளக்கு எரியவில்லை, அப்புறம் எந்த விளக்கும் எரியவில்லை, அப்புறம் பூட்டு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்கள் ஊர்க்காரனுக்குக் கணக்கு கேட்பது புதுசே இல்லை. கூலிக்கு நெய்கிற வீட்டில் பிறந்தவன் நான். முதலாளியோ சங்கமோ பட்டையும் ஜரிகையையும் நிறுத்துத்தான் கொடுப்பார்கள். புடவை முடித்துக் கொண்டுபோனால் அதையும் தராசில் வைப்பார்கள். சேதாரம் இவ்வளவு என்று கழித்த பிறகும் எடை குறைந்தால் கூலியில் பிடிப்பு. எங்கப்பா நாற்பது வருஷமாக ஜரிகைக்குக் கிராம் கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதே அப்பாவின் வரிப்பணத்தில் கட்டிய திடலை எந்தத் தராசிலும் யாரும் வைத்ததில்லை. அவரும் வைக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

அன்று ராத்திரி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். 2005-ல் வந்த சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, முப்பது நாளில் பதில் தரவேண்டும். பல பேருக்குத் தெரியாத ஒன்று: காகிதத்தை மட்டும் அல்ல, வேலையையே நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும் அந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது.

அப்பா எட்டிப் பார்த்தார். "நமக்கு எதுக்குடா வம்பு? நாளைக்கு வீட்டு வரி, தண்ணி கனெக்‌ஷன்னு அங்கதான போய் நிக்கணும். நீ மெட்ராஸ் போயிடுவே. இங்க இருக்கப் போறது நான்."

சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. அவர் சொன்னது நிஜம். கேள்வி கேட்பவன் ஒருத்தன், அதன் விலையைக் கொடுப்பவன் வேறொருத்தன் என்றால் கேட்பவனுக்கு வீரம் சுலபம்தான். கடைசியில் என் பெயரில், என் சென்னை விலாசத்தில் அனுப்பினேன். வீரத்தின் லட்சணம் அவ்வளவுதான். :-)

முப்பது நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகு வந்தது. பிரித்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். பெரிய ஊழல் ஒன்றைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்று மனசுக்குள் ஒரு சினிமா ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மதிப்பீடு, டெண்டர், எம்-புக் என்று சொல்லப்படும் அளவுப் புத்தகத்தின் நகல் எல்லாம் என் அறிவுக்கு எட்டியவரை ஒழுங்காகவே இருந்தன. கட்டியதாகச் சொன்னதைக் கட்டியிருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் நின்றுவிட்டேன்.

கேள்வி: திறப்பு விழாவுக்குப் பின் இன்றுவரை பராமரிப்புக்கும் காவலுக்கும் செலவிட்ட தொகை?

பதில்: இன்மை.

ஒரே வார்த்தை. அரசாங்கத் தமிழில் 'சைபர்' என்பதற்கு அழகான பெயர்.

அதற்கப்புறம் ஆபீஸில் கம்பைல் ஓடுகிற நேரமெல்லாம் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். புரிந்தது இதுதான். நம் ஊர்களில் விளையாட்டுக்குப் பணம் ஒரே உண்டியலில் இருந்து வருவதில்லை. மாவட்ட விளையாட்டரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில். பள்ளிக்கூட மைதானம் கல்வித் துறையிடம். தெருமுனைத் திடல் மாநகராட்சியிடம். நடுவில் எம்.எல்.ஏ. நிதி, எம்.பி. நிதி. 1993-ல் தொடங்கிய எம்.பி. தொகுதி நிதியில் இன்று ஒருவருக்கு வருஷம் 5 கோடி. அந்தத் திட்டத்தின் விதிமுறையிலேயே, கட்டி முடித்ததை யார் பராமரிப்பது என்ற ஒப்புதலை முன்கூட்டியே வாங்கவேண்டும் என்று இருக்கிறது. எந்த நிதியில் கட்டியது என்று பலகை வைக்கவும் சொல்கிறது. பலகை மட்டும் எல்லா இடத்திலும் தவறாமல் இருக்கிறது. கட்டுகிற பணம் ஒரு பையில், பராமரிக்கிற பணம் இன்னொரு பையில். முதல் பையை எல்லோரும் தட்டிக் காட்டுவார்கள், இரண்டாவதை யாரும் திறப்பதே இல்லை.

கிராமத்துப் பக்கம் போனாலும் இதே கதைதான். 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு நூலகத்தோடு விளையாட்டு மைதானமும் வந்தது. 2020-ல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம். 2024-ல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம், 12,525 ஊராட்சிகளுக்கும். பெயர் மாறுகிறது, படம் மாறுகிறது. நான் எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்கவில்லை. மூன்றுமே நல்ல நோக்கம்தான். புதுப் பந்து வரும்போது "பழைய பந்து என்ன ஆச்சு?" என்று கிராம சபையில் எத்தனை ஊரில் கேட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

கேட்டால் என்ன நடக்கும்? சென்னையில் நடந்ததைச் சொல்கிறேன். 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. செயற்கைப் புல் போட்ட 9 கால்பந்துத் திடல்களைப் பராமரிக்கத் தனியாரிடம் விடுவது, விளையாட வருபவர்களிடம் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்குவது. தினம் ஒரு மணி நேரம் ஆடுகிற பையனுக்கு மாசம் 3,600 ரூபாய்! வியாசர்பாடி மாதிரி, கால்பந்தே மூச்சாக இருக்கிற வடசென்னைத் தெருக்களில் எந்த வீட்டில் அந்தப் பணம் இருக்கிறது? கால்பந்து ஆடுபவர்கள் கொதித்தார்கள், ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. ஓரிரு நாளில் மேயர் பிரியா தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். திடல்கள் கட்டணமில்லாமல் தொடர்ந்தன.

ஜெயித்தாச்சு என்று கை தட்டலாம். நானும் தட்டினேன். ஆனால் என் கையில் 'இன்மை' என்ற காகிதம் இருந்ததால் இன்னொரு பக்கமும் தெரிந்தது. செயற்கைப் புல் சும்மா கிடக்காது. வெயிலில் நைந்துபோகும், கிழியும், சில வருஷத்தில் மொத்தமாக மாற்றவேண்டிவரும். கட்டணம் வேண்டாம் என்று சொல்வது பாதிக் கேள்வி. "அப்படியானால் பராமரிப்புக்கு பட்ஜெட்டில் எவ்வளவு வைக்கிறீர்கள்?" என்பது மீதிப் பாதி. அந்த மீதியைக் கேட்காமல் வீட்டுக்குப் போய்விட்டால் தனியாரும் வரமாட்டான், மாநகராட்சியும் வராது, பூட்டு வரும். எங்கள் திடலுக்கு வந்த மாதிரி.

பெரிய விளையாட்டு என்றால் கேள்வியும் பெரிசாகிறது. 2010 தில்லி காமன்வெல்த் போட்டிக்காக, தலித் மக்கள் நலனுக்கு ஒதுக்கிய நிதியிலிருந்து நூற்றுக்கணக்கான கோடிகள் திருப்பிவிடப்பட்டது வெளியே வந்தது, ஒரு தன்னார்வ அமைப்பு இதே தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில்களால்தான். பிறகு அது நாடாளுமன்றம் வரை போனது. ஸ்டேடியத்தில் விளக்கு எரிந்தால் மட்டும் போதாது, அந்த வெளிச்சம் யார் வீட்டு விளக்கை அணைத்து வந்தது என்றும் பார்க்கவேண்டியிருக்கிறது.

இனி எங்கள் மாவட்டப் பெருமை. காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் குடவோலையைப் பற்றிப் பேசுவார்கள். அதில் யாரும் சத்தமாகப் படிக்காத பகுதி ஒன்று உண்டு. ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்ற வாரியங்களில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை அடுத்த முறை குடத்திலேயே போடக்கூடாது. அவனுடைய நெருங்கிய சொந்தக்காரர்கள் பெயரையும் போடக்கூடாது! கணக்கு எழுதியவனும் தன் கணக்கைத் தானே வந்து ஒப்படைத்தாக வேண்டும், இன்னொருத்தன் வந்து முடித்துவைக்க முடியாது. கி.பி. 919-ல் ஒரு விதி போட்டு, 921-லேயே திருத்தி மறுபடி வெட்டியிருக்கிறார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், பக் கண்டுபிடித்து இரண்டு வருஷத்தில் வெர்ஷன் டூ.

உடனே பொற்காலம் என்று புல்லரிக்க வேண்டாம். அது பிராமணர் ஊர்ச் சபை. நிலமும் வீடும் வேதப் படிப்பும் இருந்தவனுக்கு மட்டும்தான் குடத்தில் இடம். பெண்களுக்கு இல்லை, நெய்கிற என் பாட்டனுக்கும் பூட்டனுக்கும் இருந்திருக்காது. அந்தக் கதவை இப்போது அரசியல் சட்டம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. திறந்த பிறகு நாம் உள்ளே போய் அந்தப் பழைய கேள்வியை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டோம். அவர்கள் கல்லில் வெட்டியது கணக்குக் காட்டாதவனுக்கு என்ன தண்டனை என்பதை. நாம் வெட்டுவது முன்னிலை வகித்தவர்கள் யார் யார் என்பதை.

"எல்லாரும் திருடனுங்கப்பா, கேட்டு என்ன ஆகப்போகுது" என்பது டீக்கடையில் சொல்ல வசதியான வசனம். நானும் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். எங்கள் திடலில் யாரும் திருடியதாக என் காகிதம் சொல்லவில்லை. ஆனாலும் பணம் போய்விட்டது. திருடாமலே ஒரு கட்டடத்தைச் சாகடிக்க முடியும், அடுத்த வருஷத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதாமல் விட்டால் போதும். அதனால் திருடனைத் தேடுவதை விட, திறப்பு விழா அழைப்பிதழ் வரும்போதே நாலு கேள்வி கேட்பது உத்தமம்: எந்த நிதி? யாருக்குச் சொந்தம்? வருஷப் பராமரிப்புக்கு எவ்வளவு? சாவி யாரிடம்?

காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. நகரங்களிலும் கிராம சபை மாதிரி பகுதி சபை நடத்த 2022-ல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ல் தமிழ்நாட்டில் முதல் கூட்டங்கள் நடந்தன. எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இந்தக் கதைக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்படி ஒரு கூட்டத்துக்குப் போனேன். மொத்தமே முப்பது பேர் இருந்தால் அதிகம். தண்ணீர், குப்பை, தெருநாய் எல்லாம் முடிந்தபிறகு எழுந்து 'இன்மை' காகிதத்தைப் படித்தேன். குரல் நடுங்கியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பதில் சொல்லவேண்டியவர் கோபப்படவில்லை. "காவலாளி போஸ்ட்டே இல்ல தம்பி, நாங்க யாரை அனுப்புறது?" என்றார். அதுவும் நியாயம்தான். அதை எழுத்தில் தாருங்கள் என்றேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சாவியை சாயங்காலத்துல பக்கத்து டீக்கடையில குடுங்க சார். நோட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். குடுத்ததை எழுதி வச்சா திரும்பி வரும்."

எங்கப்பா. வம்பு வேண்டாம் என்றவர், நான் கிளம்பியபின் தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை திடல் திறக்கிறது. நோட்டு இருக்கிறது. விளக்கு இன்னும் இல்லை. மின்கட்டணம் யார் தலையில் என்பது முடிவாகவில்லை, காவலாளி பற்றிய எழுத்துப் பதிலும் வரவில்லை. அடுத்த பட்ஜெட்டில் அந்த 'இன்மை' இருக்கும் இடத்தில் ஒரு எண் வருகிறதா என்று பார்க்கவேண்டும். வராவிட்டால் இன்னொரு பத்து ரூபாய் ஸ்டாம்ப். இந்த முறை விலாசம் காஞ்சிபுரம் வீட்டு விலாசமே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

உங்கள் ஊர்த் திடலின் சாவி யாரிடம் இருக்கிறது? தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். தெரியாதவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

கொசுறு: எதிர்வீட்டுப் பையனுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. நோட்டில் முதல் கையெழுத்து அவனுடையது. கோழி கிறுக்கல்தான், ஆனாலும் தேதியும் நேரமும் சரியாகப் போட்டிருக்கிறான்.