மாத்திரை இளைக்க வைக்குமா?

"மாத்திரை போட ஆரம்பிச்சு ஆறு மாசமாச்சு. ஒரு சுத்துகூட எறங்கலியேக்கா!"

தைராய்டு குறைவுக்கு மருந்து சாப்பிடும் பெண்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. ராயபுரம் மார்க்கெட்டிலும் கேட்டிருக்கிறேன், திருவொற்றியூர் தேரடியிலும் கேட்டிருக்கிறேன். நானும் ஏழு வருஷமாக அந்த மாத்திரையை விழுங்குகிறவள்தான். ஆகவே சகோதரிகளே, இந்த இதழில் சமையலையும் தையலையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு மாத்திரை விஷயத்தைப் பேசுவோம். பேச வேண்டிய அவசியமும் வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெண். வயது முப்பது இருக்கும், இரண்டு குழந்தைகள். சின்னவன் பிறந்த பிறகு உடம்பு வைத்துவிட்டது, முடி கொட்டியது, எப்போதும் ஒரே அசதி. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று தெரிந்து 50 மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் நாத்தனார் கல்யாணம் வந்தது. பட்டுப் புடவை ரவிக்கை பற்றவில்லை. யாரோ ஒரு மகராசி, "ரெண்டா போட்டுக்கோ, சீக்கிரம் எளைச்சிடுவே" என்று சொல்லியிருக்கிறாள். இவளும் தினம் இரண்டு, சில நாள் மூன்று என்று போட்டிருக்கிறாள். ஒரு மாதம் தாண்டியதும் ராத்திரித் தூக்கம் போயிற்று. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கண் திருஷ்டிதான் என்று மாமியார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். கடைசியில் குழம்புக் கரண்டியைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். 2 கிலோ குறைந்திருந்தது என்னவோ உண்மை. டாக்டரம்மா மாத்திரையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்ததும் அந்த 2 கிலோ திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

"அப்ப எளைக்கறதுக்கு இல்லேன்னா இந்த மாத்திரை எதுக்குக்கா?" என்று என்னைக் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருக்கிற சின்னச் சுரப்பிதான் தைராய்டு. உடம்பு என்ன வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை அதில் ஊறுகிற தைராக்ஸின்தான் தீர்மானிக்கிறது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.ஹெச். என்கிற தூதை அனுப்பி அதை வேலை வாங்குகிறது. வேலை நடக்காவிட்டால் குரலை உயர்த்துகிற மாமியார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! தைராய்டு சோர்ந்தால் டி.எஸ்.ஹெச். ஏறும். பரிசோதனைச் சீட்டில் அந்த எண் ஏறியிருந்தால் சுரப்பு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். நம் உடம்பில் ஊறாமல் போனதை வெளியிலிருந்து ஈடுகட்டுவதுதான் மாத்திரையின் வேலை. அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

எடை விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. தைராய்டு குறைவால் மட்டும் ஏறுகிற எடை சாதாரணமாக 2 கிலோவிலிருந்து 5 கிலோவுக்குள்தான். அதிலும் பெரும்பங்கு உடம்பில் தேங்கிய உப்பும் நீரும்தான், கொழுப்பு கொஞ்சம்தான். மாத்திரை ஒழுங்காக வேலை செய்தால் அந்த நீர் வடிந்து முகத்து வீக்கம் வற்றும், மோதிரம் கழன்று வரும். மீதி 10 கிலோவோ 15 கிலோவோ இருந்தால் அது சோற்றாலும், உட்கார்ந்த இடத்து வேலையாலும், பிரசவத்துக்குப் பின் இறங்காமல் நின்றதாலும் வந்தது. அதற்கு மாத்திரை பொறுப்பில்லை. "எனக்குத் தைராய்டு, நான் எப்படி இளைப்பேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. அளவு சரியான பிறகு நமக்கும் மற்றப் பெண்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த மருந்துக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. 1891-ல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து டாக்டர் ஜார்ஜ் முர்ரே, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருத்திக்கு ஊசியாகப் போட்டார். உடம்பு ஊதி, பேச்சு குழறி, எழுந்து நடமாட முடியாமல் கிடந்தவள் அவள். பிழைத்து எழுந்து 74 வயது வரை இருந்தாள். கிடைத்த மருந்தை மனிதர்கள் சும்மா விடுவார்களா? அடுத்த சில வருஷங்களிலேயே அதைக் குண்டு குறைக்கிற மருந்தாகவும் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் தெருப் பெண்ணுக்கு வந்த யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது! இன்று நாம் சாப்பிடுவது ஆட்டுச் சாறு இல்லை, செயற்கையாகத் தயாரித்த லீவோதைராக்ஸின். அமெரிக்காவில் இதன் விவரத்தாளிலேயே, உடல் பருமனுக்கோ எடை குறைக்கவோ இதை உபயோகிக்கக் கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாளம் தப்பும். எலும்பு மெலியும். மாதவிலக்கு நிற்கிற வயதில் எலும்பு தானாகவே மெலியத் தொடங்குகிறது. அதோடு இதுவும் சேர்ந்தால் வழுக்கி விழுந்த இடத்தில் இடுப்பு முறியும்.

நம் ஊரில் இது அபூர்வ வியாதியும் இல்லை. சென்னை உட்பட இந்தியாவின் 8 நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 100-க்கு 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று மடங்கு. கடலோர ஊர்களில் உள்நாட்டு ஊர்களைவிடக் கொஞ்சம் குறைவாம். காசிமேட்டு மீனைத் தின்று வளர்ந்தும் எனக்கு ஏன் வந்தது என்று கேட்கலாம். அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று 2006-ல் நாடு முழுவதும் தடை வந்தது. நம்மைப் போன்ற நகரத்துப் பெண்களுக்கு அநேகமாக உப்புக் குறைவால் இது வருவதில்லை. உடம்பின் காவல் படையே வழி தவறிச் சொந்தச் சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது. ஹாஷிமோட்டோ என்கிற ஜப்பானிய டாக்டர் 1912-ல் இதை விவரித்தார். ஆகவே உப்பை அள்ளிப் போடுவதும், கடல்பாசி மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதும் வீண். சில சமயம் கெடுதல்கூட. வேகவைத்த முட்டைக்கோஸைக் கண்டு பயப்படவும் வேண்டாம்.

சரி, மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது? பாதிப் பேருக்கு டி.எஸ்.ஹெச். இறங்காததன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அப்புறம் ஒரு மணி நேரம் காபி, டீ, பால் எதுவும் கூடாது. சொல்வது சுலபம். எண்ணூர் பக்கம் முதல் ஷிப்டுக்குப் போகிற கணவருக்கு விடியுமுன் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். நடுவில் ஒரு வாய் காபி இல்லாமல் யாரால் நிற்க முடியும்? இதற்கு ஒரு வழி உண்டு. தண்ணீர்ச் செம்பையும் மாத்திரையையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அலாரம் அடித்ததும் விழுங்கிவிட்டு எழுந்திருங்கள். பல் தேய்த்து, அடுப்பு மூட்டி, குழந்தையை எழுப்புவதற்குள் பாதி நேரம் ஓடிவிடும். அதுவும் முடியாதென்றால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

இளம் தாய்மார்கள் அடுத்ததைக் கவனமாகப் படிக்க வேண்டும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியானாலும் வட்டாரத்துச் சுகாதார நிலையமானாலும் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுப்பார்கள். அவற்றை அவசியம் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கினால் தைராய்டு மாத்திரை அவற்றோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சேராமலே போய்விடும். நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வயிற்றில் குழந்தை இருக்கும்போது தைராய்டு மாத்திரையை நிறுத்தவே கூடாது. சொல்லப்போனால் தேவை கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை கூடும். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்வது தாயின் தைராக்ஸினை நம்பித்தான். நாள் தள்ளிப் போனது தெரிந்ததும், மசக்கை வரட்டும் என்று காத்திராமல் டாக்டரிடம் ஓடுங்கள். "கர்ப்பத்துல மாத்திரை ஆகாது" என்று சொல்கிற பெரியவர்களிடம் பணிவாகத் தலையாட்டிவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டப்பாவையும் கவனியுங்கள். நம் பக்கத்துக் கடற்காற்றில் உப்பே தண்ணீராகக் கசிகிறது, மாத்திரை மட்டும் தாங்குமா? அடுப்பு மேடைக்கு மேல் வைக்காதீர்கள். வந்த டப்பாவிலேயே, மூடியை இறுக்கி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். முடிந்தவரை ஒரே கம்பெனி மாத்திரையாக வாங்குங்கள். மருந்து உடம்பில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது. அளவை மாற்றிய பிறகு 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் ரத்தம் பார்க்க வேண்டும். பத்தாம் நாளே பார்த்தால் காசுதான் தண்டம். பரிசோதனை அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். முடி வளர 'பயோட்டின்' சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அது ரத்தத்தின் கணக்கையே தப்பாகக் காட்டிவிடும்.

இனி இளைக்கிற வழி. அதில் மாயம் ஒன்றும் இல்லை. மூன்று வேளைச் சோற்றில் ஒரு வேளையைக் குறைத்து, சுண்டலோ முட்டையோ மீனோ சேர்த்துக்கொண்டேன். நெத்திலியும் சங்கராவும் நல்ல சாப்பாடுதான். எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் குழம்பில் போட்டால் போதும். சாயங்காலம் தள்ளுவண்டி அத்தோ, மொறுமொறுவென்று நொறுக்கிப் போட்டு வரும்போது மனம் அலைபாயத்தான் செய்யும். மாதம் ஒருநாள் சாப்பிடுகிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

நடப்பதுதான் நம் பேட்டையில் கஷ்டம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே நடந்தால் புகைதான் மிச்சம். ராயபுரத்துக்காரர்களுக்கு, பெரியவர்கள் இன்னும் ராபின்சன் பூங்கா என்று சொல்லும் அறிஞர் அண்ணா பூங்கா இருக்கிறது. 1949-ல் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். திருவொற்றியூர்க்காரர்களுக்கு வடிவுடையம்மன் சன்னிதியும் பெரிய பிராகாரமும் இருக்கவே இருக்கின்றன. அம்மனைச் சுற்றின புண்ணியமும் உண்டு, முழங்காலுக்குப் பயிற்சியும் உண்டு. 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு நான் நகரும் படியில் ஏறுவதில்லை, சாதாரணப் படியில்தான் ஏறுகிறேன். முதலில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். இப்போது நிற்பதில்லை.

பத்து மாதத்தில் 76-லிருந்து 69-க்கு வந்தேன். மாதத்துக்கு முக்கால் கிலோகூட இல்லை! வாரம் ஒருநாள் காலையில் மட்டும்தான் எடை பார்ப்பேன். தினம் ஏறி இறங்கினால் மனசுதான் கெடும். 69 வந்ததும் டாக்டரம்மா மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார். உடம்பு நன்றாக இளைத்தால் மருந்தின் தேவையும் குறையலாம், பழைய அளவே அதிகமாகிப் போகலாம் என்றார். பார்த்ததில் அப்படித்தான் இருந்தது. 75-ஐ 62.5 ஆக்கிவிட்டார். எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவளும் அன்றைக்கே என்னோடு வருகிறாள்.

எண்ணெய் குறைத்து நெத்திலிக் குழம்பு வைப்பதைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் எழுதுகிறேன்.