உளறினால் குடியா, துரைமாரே?

சப்ரகமுவ மாகாணத்தில் ஒரு இறப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டும் எமது அங்கத்தவர் ஒருவருக்கு மூன்று நாள் காய்ச்சல். தோட்ட டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். இரத்தம் சோதிக்கச் சொல்லவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. பேர் போய்விடுமே என்று பிரட்டுக்கு வந்துவிட்டார். பத்து மணிக்கெல்லாம் ஆள் மாறிப்போனார். கூடவந்த தம்பியையே யாரென்று கேட்டார். "குடித்துவிட்டு வேலைக்கு வருகிறான்" என்று வெளிக்கள உத்தியோகத்தர் லயத்துக்கு விரட்டினார். மாலையில் வலிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் லொறி கிடைத்தது.

பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள்: டெங்கு.

டெங்கு மூளையையும் தாக்கும். காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். அப்போது இரத்தத்தின் நீர் குழாய்களிலிருந்து கசிகிறது, அழுத்தம் விழுகிறது, மூளைக்குப் போதிய இரத்தம் போவதில்லை. ஈரல் பழுதானாலும், உடம்பில் உப்பு குறைந்தாலும், மூளைக்குள் இரத்தம் கசிந்தாலும் புத்தி தடுமாறும். சிலருக்குக் கிருமியே மூளைக்குள் போய்விடுகிறது. இன்னும் சிலருக்குக் காய்ச்சல் மாறிய பிறகு கால் விளங்காமல் போவதும் உண்டு. அடங்காத தூக்கம், அமைதியின்மை, உளறல், வலிப்பு எல்லாமே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள். 2009இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறையிலேயே நினைவு தடுமாறுவது கடும் டெங்கு என்று இருக்கிறது. 2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அதற்குப் பிறகும் தோட்ட நிர்வாகத்துக்குத் தெரிந்த ஒரே நோய் குடி! (குடிப்பவனுக்கு டெங்கு வராதா என்ன?)

நுளம்பு எங்கே பெருகுகிறது? வெட்டாமல் விட்ட மரங்களில் கவிழ்க்காமல் கிடக்கும் பால் சிரட்டைகளில். ஆனால் லயத்து வாசலில் ஒரு தகரம் கிடந்தால் குற்றவாளி நாங்கள்.

தோழர்களே, காய்ச்சல்காரருக்குப் பனடோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்கவேண்டாம், இரத்தம் கசிவது கூடும். காய்ச்சல் விட்டதென்று பிரட்டுக்கு அனுப்பவும் வேண்டாம்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது சலுகையல்ல. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சலென்றால் இரத்தப் பரிசோதனை, இரவிலும் ஒரு வாகனம், நோய் நாளுக்குச் சம்பளம். சிரட்டைகளைக் கவிழ்க்கும் வேலைக்கும் பேர் போடவேண்டும்.

அந்தத் தோழர் பிழைத்துவிட்டார். கத்தி பிடிக்கும் கை இன்னும் நடுங்குகிறது. குடித்ததாக அவருக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தை நிர்வாகம் இதுவரை வாபஸ் வாங்கவில்லை.