காரில் கிடக்கும் தீயணைப்பான் சமையலறைக்கு உதவுமா?



மருத்துவப் பக்கத்தில் தீயணைப்பானுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். தீக்காயம் பற்றி எழுதும்படி கேட்டிருந்தீர்கள். அதை எழுத உட்கார்ந்தபோது, காயம் வருவதற்கு முந்திய அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் முதலில் பேசவேண்டும் என்று எமக்குத் தோன்றியது.

நாம் போய்வரும் வீடுகளில் தீயணைப்பான் இருப்பது குறைவு. இருந்தாலும் கெல்லரில் பயணப்பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கும். இல்லையென்றால் மலிவு விற்பனையில் வாங்கிய சிறிய தூள் தீயணைப்பான் ஒன்று காரின் பின்பெட்டியில் உருண்டுகொண்டு கிடக்கும். சுவிசில் தனியார் வீட்டிலோ சாதாரண காரிலோ அதை வைத்திருக்கவேண்டும் என்ற பொதுவான சட்டக் கட்டாயம் இல்லை. அதனால் யாரும் கேட்பதில்லை, நாமும் யோசிப்பதில்லை.

ஆனால் எமது சமையலைப் பாருங்கள். வடை, ரோல்ஸ், முறுக்கு, மிளகாய்ப் பொரியல் என்று எண்ணெய்த் தாச்சி அடுப்பில் ஏறாத வாரம் இல்லை. பிறந்தநாள், சாமத்தியவீடு என்றால் மணிக்கணக்கில் பொரியும். இடையில் தொலைபேசி அடிக்கும், பிள்ளை கூப்பிடும். மின்சார அடுப்பில் சுவாலை தெரியாததால் அது முழுச்சூட்டில் இருப்பதே மறந்துபோகும். பொரிப்பதற்கு 180 பாகை போதும். மறந்து விட்டால் எண்ணெய் முதலில் புகைக்கும், 300 பாகையைத் தாண்டிப் போனால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

அந்த நேரத்தில் கை தண்ணீருக்குத்தான் போகும். எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் அப்படித்தான் நடந்தது. ஒரு கோப்பைத் தண்ணீர்தான் ஊற்றினார்கள், தீ கூரைவரை எழும்பியது. தண்ணீர் எண்ணெயை விடப் பாரமானது. அடியில் போய் அந்தச் சூட்டில் ஒரே கணத்தில் ஆவியாகும்போது 1,700 மடங்குவரை விரிந்து, எரியும் எண்ணெயையும் தூக்கி எறியும். அந்தத் தாயின் கைகள் ஆற மாதங்கள் எடுத்தன.

செய்யவேண்டியது மிகச் சிறியது. அடுப்பை நிறுத்தி, தாச்சிக்குப் பொருந்தும் மூடியைப் பக்கவாட்டில் இருந்து தள்ளி மூடிவிடுங்கள். தாச்சியைத் தூக்கிக்கொண்டு பல்கணிக்கு ஓடவேண்டாம். அணைந்துவிட்டதா என்று திறந்து பார்க்கவும் வேண்டாம். எண்ணெய் நன்றாக ஆறும்வரை திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றும். பொரிக்கும்போது மூடியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பதுதான் எந்தத் தீயணைப்பானையும் விட மலிவானது என்பது எமது கருத்து.

அப்படியென்றால் தீயணைப்பான் வாங்கவே வேண்டாமா? வாங்குங்கள், ஆனால் பார்த்து வாங்குங்கள். மேலே அச்சிட்ட எழுத்துகளில் ஏ என்றால் மரம், துணி, கடதாசி. பி என்றால் பெற்றோல் போன்ற திரவம். சி எரிவாயு. எஃப் என்பதுதான் சமையல் எண்ணெய். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஏ, பி, சி எழுத்துகள் போட்ட தூள். அதை எரியும் தாச்சிக்கு மேல் அடித்தால் அந்த வேகமே எண்ணெயைச் சிதறடிக்கும். பிறகு தூள் வீடு முழுவதும் படிந்து, கணினி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் அரிக்கும். வீட்டுக்கு ஏ, பி, எஃப் குறியிட்ட, ஃபுளோரின் கலக்காத நுரைத் தீயணைப்பானே நல்லது. அதைச் சமையலறைக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாமல், வெளியேறும் வழியில் மாட்டுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பிக்க வேண்டும். சிறியது பத்து செக்கனுக்குள் முடிந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

இங்குள்ள தீயணைப்புப் படையினர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு: அறிவி, காப்பாற்று, அணை. முதலில் 118. மொழி திக்கினாலும் பரவாயில்லை, வீதியும் வீட்டு இலக்கமும் ஊரும் சொன்னால் வருவார்கள். மாடிப்படியில் புகை நிறைந்திருந்தால் இறங்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு யன்னலில் நின்று ஆட்களைக் கூப்பிடுங்கள்.

காருக்கு மட்டும் அந்தத் தூள் தீயணைப்பான் பொருந்தும். உறைபனியும் அதைக் கெடுக்காது. ஆனால் பொதிகளுக்கு அடியில் கிடந்தால் பயன் இல்லை, இருக்கைக்கு அருகில் பிடியோடு பொருத்துங்கள். எஞ்சினில் புகை வந்தால் மூடியை முழுதாகத் திறக்காதீர்கள், காற்றுப் புகுந்து தீ எழும்பும். மின்சாரக் காரின் பற்றரி எரிந்தால் கிட்டவும் போகவேண்டாம்.

இத்தாலிக்குக் கொத்தார்ட் வழியாகப் போய்வருபவர்கள் 2001 ஒக்ரோபர் 24ஐ நினைத்துப் பாருங்கள். 16.9 கிலோமீற்றர் நீளமான அந்த வீதிச் சுரங்கத்தில் இரண்டு பாரவூர்திகள் மோதித் தீப்பிடித்தன. ஒன்றில் ரயர்கள் ஏற்றப்பட்டிருந்தன. 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது நெருப்பல்ல, புகை. அங்கே ஒவ்வொரு 250 மீற்றருக்கும் ஒரு பாதுகாப்பு அறை உண்டு. முன்னால் புகை தெரிந்தால் காரைத் திருப்ப முயலாமல் எஞ்சினை நிறுத்துங்கள். திறப்பைக் காரிலேயே விட்டு, பச்சைக் குறியீட்டைப் பார்த்து நடவுங்கள். அவசர மாடத்தில் உள்ள தொலைபேசியில் பேசினால் நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்கு உடனே தெரியும்.

இனிக் காயம். எரிந்த இடத்தைக் குழாயில் ஓடும், குளிரில்லாத இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து முதல் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, வெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். ஊரில் பூசியது எமக்கும் நினைவிருக்கிறது. அதை வைத்தியசாலையில் கழுவி எடுப்பதுதான் காயத்தை விட நோகும். ஒட்டிய துணியை இழுக்கவேண்டாம். முகம், கை, மூட்டு என்றால், அல்லது பிள்ளை என்றால் 144ஐ அழையுங்கள். பெரிய தீக்காயங்களுக்குச் சூரிச்சிலும் லொசானிலும் பல்கலைக்கழக வைத்தியசாலைகளில் தனிப்பிரிவுகள் இருக்கின்றன.

எமது சங்கம் வருடத்துக்கு ஒரு தடவை விளையாட்டுப்போட்டி, ஒரு தடவை கலைவிழா வைக்கிறது. ஒரு ஞாயிறு காலையை இதற்கு ஒதுக்கி, ஊர்த் தீயணைப்புப் படையினரை அழைத்தால் என்ன? அன்றைக்கு முன்வரிசையில் நிற்கவேண்டியவர்கள் மண்டபத்துக்குப் பின்னால் நின்று பொரிக்கும் அம்மாமாரும் அக்காமாரும். ஊசியை இழுத்து, ஒரு தடவை தங்கள் கையாலேயே அடித்துப் பார்க்கட்டும். அந்த நேரம் வடையைப் பார்த்துக்கொள்ள நிர்வாகசபையில் ஆட்கள் இருக்கிறார்கள்.